நூற்று எண்பதாவது நாள்

எடின்பரோ விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை மூன்று முறை மெஷினில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கவுன்டர்காரரைக் கூப்பிட்டாள். அவரும் தேய்த்தார். எனக்குப் பின்னால் நின்ற குழந்தை ஒன்று பொம்மை டைனோசரால் என் பெட்டியைக் குத்திக்கொண்டே இருந்தது.

ஜனவரி முதல் வாரம். வெளியே நடைபாதையெல்லாம் உறைந்து வழுக்கியது. என் கோட்டிலிருந்து விறகுப் புகை வாசம் இன்னும் போகவில்லை. அந்த வாசம் எங்கே ஒட்டியது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அமீரக ரெசிடென்ஸ் விசா செல்லாது என்று வருகிறது என்றாள் அந்தப் பெண். இருக்கவே முடியாது, நான் அங்கிருந்து கிளம்பி ஆறு மாதம் ஆக இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றேன். விரலை மடக்கி ஜூலை, ஆகஸ்ட் என்று எண்ணியே காட்டினேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, அவர்கள் மாதத்தை எண்ணுவதில்லை, நாளைத்தான் எண்ணுகிறார்கள் என்றாள். நூற்று எண்பது நாள். அது இரண்டு நாளைக்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். பெருக்கல் வாய்ப்பாடு தெரிவதற்கு முன்பே தெரியும். அந்த டிசம்பரில் மட்டும் என் வசதிக்கு மாதமாக எண்ணிக்கொண்டேன்.

கால் வைத்துவிட்டுப் போவது

வளைகுடாவுக்குப் போகாதவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். அங்கே எங்களுக்கெல்லாம் குடியுரிமை கிடையாது, விசாதான். ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அந்த விசா தானாகச் செத்துவிடும். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகள் அதற்காகவே லீவில் வந்து நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் கால் வைத்துவிட்டுப் போவது.

என் வாப்பா கீழக்கரைக்காரர். ஷார்ஜாவில் ரோலா என்கிற கடைத்தெருப் பகுதியில் சூட்கேஸ் கடை வைத்திருந்தார். பக்கத்திலேயே ஊருக்குப் பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்ச், எதிரே துபாய் பஸ்கள் நிற்கும் இடம். லீவில் ஊருக்குப் போகிற ஆட்கள் சம்பளம் வாங்கிய கையோடு வந்து பெட்டி வாங்குவார்கள். ஒவ்வொருவரிடமும் எத்தனை வருஷம் கழித்துப் போகிறீர்கள் என்று கேட்காமல் வாப்பா பெட்டியைக் கொடுக்க மாட்டார்.

கடை லைசென்ஸ் இருக்கும்வரை வாப்பாவுக்கு விசா. வாப்பாவுக்கு விசா இருக்கும்வரை எனக்கு விசா. நான் எடின்பரோவுக்குப் படிக்கப் போன அதே மாதம் உம்மா ஊரோடு போய்விட்டார். வாப்பாவுக்கும் முட்டி வலி ஆரம்பித்திருந்தது. கடையை மூடிவிட்டு அவரும் போவதாகத்தான் பேச்சு.

தடுத்தது நான்தான். துபாய் ஏர்போர்ட்டில் பதினெட்டு வயது அழுமூஞ்சியாக நின்றுகொண்டு அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். “நான் படிச்சு முடிச்சு வர்றவரைக்கும் கடைய மூடிடாதீங்க வாப்பா. திரும்பி வர எனக்கு ஒரு எடம் வேணும்.”

“நீ ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காலை வச்சிட்டுப் போம்மா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்” என்றார் வாப்பா.

கீழக்கரை எனக்கு விடுமுறைக்குப் போகிற ஊர். வீடு என்றால் ரோலாதான். ஆகவே அப்படிக் கேட்டேன். கேட்டதை விமானம் ஏறி ஒரு வருஷத்துக்குள் மறந்தும் போனேன்.

ஒரு மணிப் பீரங்கி

எடின்பரோவில் தினமும் பகல் ஒரு மணிக்குக் கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவார்கள், ஞாயிறு தவிர. அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடிகாரம் திருத்திக்கொள்வதற்காக ஆரம்பித்ததாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் சத்தம் கேட்டதும் என் கை தானாகப் பையில் பேரீச்சம்பழத்தைத் தேடியது. ஷார்ஜாவில் நோன்பு திறக்கப் பீரங்கி சுடுவார்கள். எனக்குத் தெரிந்த பீரங்கி அது ஒன்றுதான்.

அந்த ஊரைப் பற்றிப் பெருமையாக எழுத நிறைய இருக்கிறது. நானூறு ஐந்நூறு வருஷத்துக் கல் கட்டடங்கள், சந்து சந்தாக இறங்குகிற படிக்கட்டுகள். எந்தச் சுவரைத் தொட்டாலும் ஈரமாக இருக்கும். ஷார்ஜாவில் என்னைவிட வயதான கட்டடம் அபூர்வம். எங்கள் பில்டிங்கும் நானும் ஒரே வருஷத்துக்காரர்கள், அது எனக்கு முன்னால் பாழாகிவிட்டது.

குளிர்காலத்தில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். லுஹர், அஸர், மக்ரிப் மூன்று தொழுகையும் ஒரே பஸ்ஸில் ஏறி வந்ததுபோல அடுத்தடுத்து இறங்கும். நான் மூச்சு விடுவதற்குள் நாள் முடிந்திருக்கும்.

வகுப்பில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். நான் பேச ஆரம்பித்தால் எல்லோரும் மரியாதையாகக் காத்திருப்பார்கள். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல். எந்த ஊர் என்று கேட்பார்கள். ஷார்ஜா என்பேன். இல்லை, உண்மையில் எந்த ஊர் என்பார்கள். இந்தியா என்றால் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள், எனக்குத்தான் பொய் சொன்னதுபோல இருக்கும்.

இரண்டு வருஷம் இப்படித்தான். எல்லோரும் நல்லவர்கள், யாரும் கிட்டத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மற்றவர்கள் கும்பலாக வெளியே போவார்கள், நான் பொதுச் சமையலறையில் ரசம் வைத்துக்கொண்டு வாப்பாவுக்குப் போன் போடுவேன். அவர் கடையில் வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும். போனை அப்படியே கல்லாவில் வைத்துவிட்டு, “இரும்மா, பேசாம கேட்டுக்கிட்டு இரு” என்பார். ஆட்கள் இந்தியில் பேரம் பேசுவதையும் பெட்டி ஜிப் இழுபடுவதையும் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன்.

வாப்பாவின் திருத்தங்கள்

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பத்திரிகையில் நான் எழுதுகிற தொடரை வாப்பா கீழக்கரையில் ஒரு வாரம் விடாமல் படிக்கிறார். படித்ததும் போனில் திருத்தம் சொல்வார். போன வாரம் ரோலா டீக்கடையை எக்ஸ்சேஞ்சுக்கு இடது பக்கம் என்று எழுதிவிட்டேன். வலது பக்கமாம். “ஜனங்க தப்பா நெனச்சிக்குவாங்கம்மா” என்றார். எந்த ஜனங்களோ தெரியவில்லை.

எனக்குத் தமிழ் எழுத வந்ததே அவரால்தான். நான் படித்தது இந்தியும் அரபியும் சொல்லித்தருகிற பள்ளிக்கூடம். இந்தப் பத்திரிகை ரோலாவுக்கு ஒரு வாரம் பிந்தி வரும். வாப்பா பெட்டிகளைத் துடைத்து அடுக்க, நான் ஸ்டூலில் உட்கார்ந்து உரக்க வாசிக்க வேண்டும். தப்பாக வாசித்தால் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

ஷிஃப்ட் ஆன வீடு

முதல் டிசம்பரில் கால் வைக்கப் போனபோது எங்கள் பழைய ஃபிளாட்டிலேயே இருந்தேன். அடுத்த ஜூனில் போனபோது, “வீட்ட ஷிஃப்ட் பண்ணிட்டேன்மா” என்று ரோலாவிலேயே வேறொரு கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்.

என் புத்தக அலமாரி இல்லை. உம்மா தைத்த திரைச்சீலை இல்லை. எனக்கு மகா கோபம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எகிறினேன். வாப்பா டீ போடப் போனார். அடுக்களையில் லைட் ஸ்விட்சைத் தேடிச் சுவரெல்லாம் தடவினார். “சொந்த வீட்டுல ஸ்விட்சு தெரியலையா?” என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

கதவு நிலையில் பென்சிலால் ஏதோ ஒரு குழந்தையின் உயரத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். முன்னால் இருந்தவர்களுடையது என்றார். ஹாலில் ஓர் ஆணி மட்டும் மொட்டையாக இருந்தது. அடுத்த டிசம்பரில் போனபோது பென்சில் கோடு ஓர் அங்குலம் மேலே ஏறியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. நாலு நாளைக்கு வருகிறவள், அதிலும் பாதி நேரம் போனில் எடின்பரோவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

விறகுப் புகை

மூன்றாம் வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் புத்தாண்டுக்கு வடக்கே ஒரு தீவில் வீடு எடுத்துத் தங்கப் போகிறார்கள், நீயும் வா என்றார்கள். இரண்டரை வருஷத்தில் முதல் முறை. நான் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஷார்ஜாவுக்கு டிக்கெட் போட்டிருந்தது. அதை ஜனவரி மூன்றுக்கு மாற்றினேன். ஆண் பிள்ளைகளும் வருகிற வீட்டுக்குப் புத்தாண்டு கொண்டாடப் போகிறேன் என்று வாப்பாவிடம் எப்படிச் சொல்வது? டிசம்பர் கடைசி வாரத்தில் பரீட்சை என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்டில் அந்த வாரம் பெட்டிக்கடைகூடத் திறக்காது. வாப்பாவுக்கு அது தெரியாது.

“நாள் கணக்குப் பாத்தியாம்மா?” என்று கேட்டார்.

பார்த்துவிட்டேன், ஆறு மாதத்துக்குள் வந்துவிடுவேன், பரீட்சையை விட முடியாது என்றேன். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “பரீட்சைன்னா எழுதித்தான் ஆவணும்” என்றார்.

தீவில் ஐந்து நாளும் மழை. கணப்பில் விறகு எரித்துக்கொண்டு, ஈரக் காலுறைகளைக் காயப்போட்டுக்கொண்டு, சீட்டாடினோம். யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கதையில் பாதி பொய்யாகிவிடும்.

கவுன்டருக்குத் திரும்பி

அந்தக் கவுன்டர் பெண் நல்லவள். உங்களிடம் பிரிட்டன் விசா இருக்கிறது, போய் இறங்கி விசிட்டராக உள்ளே போகலாம், கேட்டுச் சொல்லட்டுமா என்றாள். பிறந்த ஊருக்கு நான் விசிட்டரா? வேண்டாம் என்று பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பு செய்தவளுக்கு வருகிற ரோஷம் இருக்கிறதே, அது தனி ரகம்.

பெஞ்சில் உட்கார்ந்து வாப்பாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. விசிட்டிலாவது வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னார். மாட்டேன் என்றேன். அப்படியானால் இமிக்ரேஷனில் எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம், காலேஜிலிருந்து ஒரு லெட்டர் மட்டும் அனுப்பு என்றார். பரீட்சை எந்தத் தேதியில் என்று அதில் இருந்தால் போதுமாம்.

அப்படி ஒரு லெட்டர் எங்கே கிடைக்கும்?

“வேணாம் வாப்பா. இனிமே எனக்கு எதுக்கு அந்த விசா? நான் இங்கேயே வேலை தேடிக்குவேன்.”

அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி புஸ் புஸ்ஸென்று ஆவி விடுகிற சத்தம் கேட்டது. கடையில் ஏது இஸ்திரி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

“அப்ப நீ ரோலாவுக்கு வரப் போறதில்ல?”

“இல்ல வாப்பா.”

“சரிம்மா. பரவால்ல. கலாஸ்” என்றார். முடிந்தது என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்கிற அரபி வார்த்தை. நூறு முறை அவர் வாயில் கேட்டிருக்கிறேன். வைப்பதற்கு முன்னால், “பரீட்சை நல்லா எழுதுனியா?” என்று கேட்டார்.

நன்றாக எழுதினேன் என்றேன்.

இரண்டே மாதத்தில் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் நிம்மதி. நிம்மதிதான் அதிகம் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கீழ்க் கட்டில்

படிப்பு முடிந்து எடின்பரோவிலேயே எனக்கு வேலையும் கிடைத்தது. சென்ற வருஷம் கீழக்கரைக்குப் போகிற வழியில் ஷார்ஜாவில் ஒரு நாள் இறங்கினேன், விசிட்டராகத்தான். ரோலாவில் வாப்பாவின் கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளைப் பக்கத்து லாண்டரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். சூட்கேஸ் கடை பாய் மகளா என்று கேட்டார். முகம் அப்படியே பாய் முகம் என்றார்.

அவர் பெயர் கருப்பையா. காளையார்கோவில் பக்கத்து ஆள். இருபது வருஷமாக அங்கே துணி தேய்க்கிறார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏதோ எனக்குத் தெரிந்த விஷயம்போலச் சாதாரணமாகச் சொன்னார்.

“பாயி கீழ்க் கட்டிலு, நான் மேல் கட்டிலு. ஏழு பேரு ரூம்ல. ரெண்டு வருசம் ஒண்ணா இருந்தோமே.”

எந்த ரூம் என்று கேட்டேன். லாண்டரிக்குப் பின்னாலேயே என்று கையைக் காட்டினார். படிப்புச் செலவும் வாடகையும் சேர்ந்து கட்டாததால் ஃபிளாட்டை விட்டுவிட்டு, ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுக்கிற பெட் ஸ்பேஸுக்கு வந்தாராம். நான் வருகிற சமயத்தில் மட்டும், லீவில் ஊருக்குப் போன ஒரு சிநேகிதர் வீட்டுச் சாவி. லீவுக் காலத்தில் ரோலாவில் பாதி வீடு பூட்டித்தானே கிடக்கும். முதல் நாள் இரண்டு பேரும் போய்க் கூட்டித் துடைத்து வைப்பார்களாம். ஹாலில் மாட்டியிருந்த அந்தக் குடும்பத்துப் போட்டோவைக் கழற்றி அலமாரியில் வைப்பது கருப்பையா அண்ணனின் வேலை.

எனக்கு அந்த மொட்டை ஆணி ஞாபகம் வந்தது. ஸ்விட்சைத் தேடித் தடவிய கையும்.

ஏன் ஊருக்குப் போகாமல் அப்படி இருந்தார் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“ஒனக்காகத்தான் ஆத்தா. கடைய மூடுனா எம் மக விசா போயிரும், திரும்பி வர அதுக்கு எடம் வேணும்னு சொல்லிருச்சுன்னு சொல்லுவாரு. எக்ஸ்சேஞ்சுல குடுக்குற காலண்டருல நீ போன நாள்லேருந்து ஒவ்வொரு நாளையும் அடிச்சுக்கிட்டே வருவாரு. கடைசித் தடவ புதுக் காலண்டரு வந்ததும் ஒண்ணாந் தேதியில செவப்பு மையில வட்டம் போட்டாரு.”

ஒன்றாம் தேதி. நூற்று எண்பதாவது நாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் மூன்றாம் தேதி வருகிறேன் என்று சொன்னபோதே தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை?

“நானும் அதையேதான் கேட்டேன். போனப் போட்டுச் சொல்லுங்க பாய்னு. பரீட்ச நேரத்துல புள்ள மனசக் கலைக்கக் கூடாது கருப்பையா, விசா போனாப் போவட்டும்னுட்டாரு.”

டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. அவர் இன்னொரு விஷயமும் சொன்னார். கடை நிறையப் பெட்டி இருந்தும், ஊருக்குக் கிளம்பும்போது வாப்பா தன் துணிமணிகளை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டித்தான் எடுத்துப்போனாராம். பெட்டிகளெல்லாம் கடையை வாங்கியவனுக்குப் பேசி முடித்துவிட்டதாம்.

“அழுவாத ஆத்தா. நீதான் நல்லாப் படிச்சிட்டேல்ல” என்றார் கருப்பையா அண்ணன்.

எட்டு நாள்

அன்று மாலையே விமானம் ஏறிக் கீழக்கரைக்குப் போனேன். எட்டு நாள் வாப்பாவோடு இருந்தேன். முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

வாப்பா என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கதையைச் சொன்னார். பள்ளிவாசல் சிநேகிதரிடம் சொன்னார், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம்கூடச் சொன்னார். “விசா போனாலும் பரவால்ல, பரீட்சைய விட மாட்டேன்னு ஒக்காந்து எழுதுன புள்ள.” அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்துவிடும். உம்மா பக்கத்திலிருந்து, ஆரம்பித்துவிட்டார் என்று சிரிப்பார்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? எட்டாம் நாள் என்னைக் காரில் ஏற்றிவிட்டு, வழியில் சாப்பிட மாசிச் சம்பல் பாட்டிலைக் கையில் கொடுத்தார். நான் சலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேரில் வாய் வரவில்லை, போனிலும் வரவில்லை. அவருக்கு நான் உரக்க வாசித்துக் காட்டிய பத்திரிகை இது. புதன்கிழமை கீழக்கரைக்கு வரும். அஸர் தொழுதுவிட்டு வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தைத்தான் முதலில் எடுப்பார். இந்த வரிக்கு வருவதற்குள் உம்மா டீ வைத்திருப்பார்.

வாப்பா, போன வாரம் டீக்கடையைத் திருத்தினீர்கள். இந்த வாரம் நான் ஒன்றைத் திருத்துகிறேன். அந்த டிசம்பரில் எனக்குப் பரீட்சை எதுவும் இல்லை.